ஊர்ப் பெருமை பாவமா?

ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி'ப் பாட்டைக் கேட்டிராத தமிழ்க் குடும்பம் கொழும்பில் அரிது. பொப்பிசைப் பாடகரான அவர் தமிழ்நாட்டுத் திரையுலகிற்குச் சென்றபோது 'சிலோன் மனோகர்' ஆனார். 1972 இல் நாட்டின் பெயர் மாறிய பின்னரும் அந்தப் பழைய பெயர் அவரை விட்டு நீங்கவில்லை. 2018 ஜனவரி 22 இல் சென்னையில் காலமாகும் வரை, பிறந்த நாடே அவருக்கு முதலெழுத்தாக இருந்தது.

அமெரிக்காவிலே 'கன்ட்ரி' எனப்படும் நாட்டார் இசைப் பாடகர்களும் இப்படியே. தாம் பிறந்த மாநிலத்தைப் பாடாதவர் அவர்களுள் குறைவு. லொறெற்றா லின் கென்டக்கி மாநிலத்தில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகளாகப் பிறந்தவர். அந்த ஏழ்மையை மறைக்காமல் 1970 இல் வெளிவந்த பாட்டிலே பெருமையோடு பாடினார்.

தலையான பாவங்கள் ஏழனுள் அகங்காரமே முதலாவது என்று ஞானோபதேச வகுப்பில் படித்த நாம் இங்கே ஒரு கேள்வி கேட்க வேண்டும். 'நான் பெரியவன்' என்பது பாவமானால், 'என் ஊர் பெரியது' என்பது மட்டும் புண்ணியமாகுமா?

ஊரை நேசிப்பது குற்றமல்ல, அது கடமை. கடவுளுக்கு அடுத்தபடியாகப் பெற்றோருக்கும் பிறந்த நாட்டிற்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம் என்று புனித தோமஸ் அக்குவினாஸ் கற்பிக்கின்றார். நம் ஆண்டவரும் ஊரில்லாதவராக வரவில்லை. நாசரேத்திலிருந்து நல்லது எதுவும் வருமா என்று நத்தானியேல் ஏளனமாகக் கேட்ட அந்தச் சிற்றூரின் பெயரைச் சிலுவையின் உச்சி வரை அவர் சுமந்தார். எருசலேமின் அழிவை எண்ணிக் கண்ணீரும் விட்டார். எல்லா ஊரையும் தம் ஊராகக் கண்ட சங்கப் புலவரும், கணியன் பூங்குன்றனார் என்று பூங்குன்றத்தின் பெயராலேயே அறியப்படுகின்றார் அன்றோ! சொந்த ஊர் என்றால் என்னவென்று அறிந்தவனே பிறர் ஊரையும் மதிக்க அறிவான்.

ஆனால் லூக்கா நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தையும் நாம் மறக்கலாகாது. நாசரேத்துச் செபக்கூடத்தில் இயேசு பேசத் தொடங்கியபோது ஊரார் வியந்து பாராட்டினார்கள். எலியாவின் காலத்துப் பஞ்சத்தில் உதவி பெற்றவள் சரெப்தா ஊர்க் கைம்பெண், எலிசேயுவின் காலத்தில் தொழுநோய் நீங்கியவர் சீரியரான நாமான் என்று அவர் சொன்னதுமே நிலைமை மாறியது. அயலாருக்கும் கடவுளின் தயவு உண்டு என்பதை அவர்களால் தாங்க முடியவில்லை. 'நம் ஊர்ப் பிள்ளை' என்று புகழ்ந்தவர்களே அவரை மலைச்சரிவிலிருந்து தள்ளிவிடக் கொண்டுபோனார்கள். அன்பாய்த் தொடங்கிய ஊர்ப்பற்று கொலைவெறியாக முடிய ஒரு பிரசங்க நேரம் போதுமாயிருந்தது.

இது பாலஸ்தீனத்தின் பழங்கதை மட்டுமா? கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் பூசை முடிந்து கோவில் வாசலில் நிற்கும்போது, 'நீங்கள் எந்த ஊர்?' என்று ஒருவரையொருவர் கேட்கிறோம். உறவு தேடிக் கேட்பதும் உண்டு. எடை போடக் கேட்பதும் உண்டு. யாழ்ப்பாணமா, தீவுப்பகுதியா, மன்னாரா, மலைநாடா என்று அறிந்தபின் நம் குரல் மாறுகிறதா? கலியாணப் பேச்சில் பிள்ளையின் குணத்திற்கு முன் ஊரை விசாரிக்கிறோமா? 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்த மலையகத் தமிழரின் பேரப்பிள்ளை தன் தோட்டத்தின் பெயரைத் தாழ்ந்த குரலில் சொல்ல நேர்ந்தால், அந்தத் தாழ்ச்சி அப்பிள்ளையின் குற்றமா, கேட்ட நம்முடைய குற்றமா? 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் வீடுகள் எரிந்தபோது, 'இது உன் ஊரல்ல' என்று பிறர் நமக்குச் சொன்னதன் வலியை அறிந்தவர்கள் நாம். அதே சொல்லை நாமே இன்னொருவருக்குச் சொல்லலாமா?

அப்படியானால் நல்ல ஊர்ப்பற்றை எப்படி அடையாளம் காண்பது? டெனசி மாநிலப் பாடகி டொலி பார்ட்டனின் தந்தை எழுத வாசிக்கத் தெரியாதவர். அதை நினைத்து அவர் 1995 இல் தம் பிறந்த மாவட்டக் குழந்தைகளுக்கு இலவசமாகப் புத்தகம் அனுப்பத் தொடங்கினார். பின்னர் அத்திட்டம் பிற மாநிலங்களுக்கும் பிற நாடுகளுக்கும் பரவியது. ஊரைப் பற்றிய பெருமை ஊருக்குப் பட்ட கடனைத் தீர்க்கும் முயற்சியாகி, ஊரின் எல்லையையும் கடந்தது. அகங்காரமோ மார்தட்டுவதோடு நின்றுவிடும்.

நம்மிடம் உள்ளதெல்லாம் பெற்றுக்கொண்டதே என்கிறார் புனித பவுல். 'சுராங்கனி'யையே பாருங்கள். பாடியவர் தமிழர், அதில் சிங்களச் சொற்கள், மெட்டோ போர்த்துக்கேயரும் ஆபிரிக்கரும் விட்டுச்சென்ற பைலா. நம்முடையது என்று நாம் கொண்டாடுவதில் எத்தனை பேருடைய பங்கு இருக்கிறது!

கொச்சிக்கடையில் நாம் வணங்கும் பதுவைப் புனித அந்தோனியாரும் பதுவையில் பிறந்தவரல்லர். போர்த்துக்கல்லின் லிஸ்பனில் பிறந்தவர். உழைத்து உயிர்விட்ட ஊர் அவருக்குப் பெயராயிற்று. அவருடைய திருத்தலத்தில் 2019 ஏப்ரல் 21 அன்று உயிர்ப்பு ஞாயிறு வழிபாட்டில் தமிழரும் சிங்களவரும் ஒன்றாக இருந்தார்கள். குண்டு வெடித்தபோது ஒன்றாகவே மாண்டார்கள்.

ஆகவே பெற்றோரே, உங்கள் ஊரின் கோவிலையும் திருநாளையும் கூத்தையும் பிள்ளைகளுக்குத் தவறாமல் சொல்லுங்கள். கொழும்பில் பிறந்த பிள்ளைக்கு அது பெருஞ்செல்வம். அதோடு, வரும் ஞாயிறன்று கோவில் வாசலில் புதிதாய் நிற்கும் குடும்பத்திடம் ஊரை விசாரியுங்கள். விசாரித்தபின், அவர்கள் தம் ஊரின் கதையைச் சொல்லி முடிக்கும் வரை நின்று கேளுங்கள்.