தாங்காத உத்தரம்

கூரையின் அடியை மூடாமல், உத்தரங்கள் வெளியே தெரியும்படி ஒருவர் கட்டுகிறார் என்றால், தலைக்கு மேலுள்ள பாரத்தை இந்த மரமே தாங்குகிறது என்று உள்ளே வருபவருக்கு வாக்குக் கொடுக்கிறார். இரும்புச் சட்டத்தைச் சுற்றிப் பலகை அடித்து உத்தரம்போல் காட்டுவது அந்த வாக்கை மீறுவதுதான். பொய் சொல்ல வாய் வேண்டியதில்லை. பார்ப்பவருக்குத் தெரியாதபோது யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். நட்டம் உண்டு. உண்மையான உத்தரம் சுமை மிஞ்சினால் தொய்யும், மூட்டு விலகும். பச்சை ஓக் மரம் காயக் காய நீளவாக்கில் வெடிக்கும். இழை நேராக ஓடும் மரத்தில் அந்த வெடிப்புக்குப் பெரும்பாலும் அஞ்ச வேண்டியதில்லை, இழை சாய்ந்து விளிம்பை நோக்கி ஓடினால் அஞ்ச வேண்டும். அண்ணாந்து பார்த்தே இதையெல்லாம் அறியலாம். பலகைப் பெட்டி எந்த எச்சரிக்கையும் தராது.

இதைவிடக் கடினமான மறுப்பு லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் இருக்கிறது. 1390-களில், இரண்டாம் ரிச்சர்டு மன்னருக்காகத் தச்சர் ஹியூ ஹெர்லண்ட் அமைத்த ஓக் கூரை, நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் சுமார் 20 மீட்டர் அகலத்தைக் கடக்கிறது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறிச் சோதித்தபோது, வண்டு குடைந்த பெரும் பொந்துகள் உத்தரங்களுக்குள் இருந்தன. கட்டடக் கலைஞர் ஃபிராங்க் பெய்ன்ஸின் திட்டப்படி, கீழிருந்து பார்த்தால் தெரியாதவாறு எஃகுச் சட்டங்களைப் பொருத்தினார்கள். மரமே உள்ளொன்று வைத்துப் புறமொன்று காட்டியது, எஃகும் ஒளிந்துகொண்டது. அப்படியிருக்கப் பலகைப் பெட்டியை மட்டும் பழிப்பது எப்படி?

நோக்கத்தைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். பொந்து மரத்துக்கு நேர்ந்த கேடு, யாரும் ஏமாற்றுவதற்காகச் செய்ததன்று. மறைந்த எஃகைப் பற்றியும் எனக்கு உறுத்தல் முழுதாகத் தீரவில்லை. ஆனால் பழுதை பெய்ன்ஸ் 1914-இல் பகிரங்க அறிக்கையாகவே வைத்தார்; ஹெர்லண்டின் மரத்தைக் கழித்துப் போடாமல் அதன் இடத்திலேயே நிறுத்தத்தான் எஃகு வந்தது. பலகைப் பெட்டிக்குள் காப்பாற்றப்படுவதற்கு எந்த மரமும் இல்லை.

புதிதாகக் கட்டுபவருக்கு அந்த நெருக்கடியும் கிடையாது. வைரம் பாய்ந்த மரமாகத் தேர்ந்து, பூச்சி முதலில் தொடும் வெளிச்சுற்று வெள்ளையைக் கழித்து, மழை ஒழுகாமலும் காற்று புகும்படியும் கூரையை வைத்தால் ஓக் பல தலைமுறை தாங்கும். இரும்பு கட்டாயம் வேண்டுமென்றால் துருப்பிடிக்காத எஃகைப் போடலாம், ஓக்கின் துவர்ப்புச் சத்து சாதாரண இரும்பை அரித்து மரத்தையும் கறுப்பாக்கும். அந்தத் தகடும் போல்ட்டும் வெளியே தெரியட்டும்.