எருக்கம்பஞ்சும் ஒட்டடையும்

பங்குனி வெயிலில் எருக்கங்காய் வெடிக்கிறது. வேலியோரம் அதை யாரும் நட்டதில்லை, தண்ணீர் விட்டதுமில்லை. காய்க்குள் ஒவ்வொரு விதைக்கும் ஒரு வெள்ளைப் பட்டுக் குஞ்சம். பெரும்பாலானவை காற்றோடு போகின்றன. கொஞ்சம் தேன்சிட்டின் அலகோடு போகிறது.

எங்கள் கொல்லைக்கு வருவது ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு. முழு உடம்பும் பத்து சென்டிமீட்டர் இருக்காது. கூடு கட்டும் வேலை பெண்ணுடையது. ஆண் பக்கத்துக் கிளையில் வந்து உட்காரும், பாடும், நார் சுமக்காது. பெண் முதலில் தேடுவது சிலந்தி வலையை. கிளை நுனியில் அதைச் சுற்றி, மெல்லிய நார்களை அதில் ஒட்டி, தொங்கும் பையாக்கும். பையின் வெளியே மரப்பட்டைத் துணுக்கு, காய்ந்த பூ, கம்பளிப்புழுவின் எச்சம் என்று எதையாவது ஒட்டிக்கொண்டே இருக்கும். உள்ளே எருக்கம்பஞ்சு மெத்தை. நம் கண்ணுக்கு அது கிளையில் சிக்கிய குப்பை. காக்கையின் கண்ணுக்கும் அப்படித் தெரிந்தால்தான் முட்டை பிழைக்கும்.

வலை இழுபடக்கூடியது. குஞ்சுகள் வளர வளரக் கூடும் இடம் கொடுக்கிறது.

*

போகிக்கு வீடு முழுக்க ஒட்டடை அடிக்கிறோம். மாசியில் இந்தக் குருவி பின்வாசல் விட்டத்துக்கு எதிரே சிறகடித்தபடி நின்று மூலை மூலையாகத் தேடுகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு வெகுகாலம் தோன்றவில்லை.

இப்போது வீட்டுக்குள் அடிப்பதோடு சரி. கிணற்றுச் சுவர், மாமரப் பட்டை, பின்கூரையின் அடிப்பக்கம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. கொசுவுக்கு அங்கே மருந்து தெளிப்பதில்லை. சிலந்தி செத்தால் நூல் ஏது? வேலைக்கு வரும் அக்காவிடம் காரணத்தைச் சொன்னேன். “குருவிக்குத்தானே, அப்ப இந்தப் பக்கம் தொடப்பமே கொண்டாரல” என்றார். அதன்பின் என்னைவிடக் கவனமாக இருப்பவர் அவர்தான்.

*

பறவைக்குக் கொடுப்பதில் பெரும்பகுதி, எடுக்காமல் விடுவது. காய்ந்த அருகு, தென்னையின் பன்னாடை, பீர்க்கங்கொடியின் வற்றிய சுருள், கோழியின் உதிர்ந்த இறகு. பெருக்கிக் கூட்டி எரித்துவிட்டு, கடையில் கூடு வாங்கி மாட்டுவதில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஆனாலும் கையால் எதையாவது வைக்கத்தான் ஆசை. பழைய பிரம்புக் கூடையொன்றை மழை படாத இடத்தில், பூனை தாவ முடியாத உயரத்தில் கட்டியிருக்கிறேன். அதில் சாயம் ஏறாத தேங்காய் நார், வைக்கோல் துண்டு, கொஞ்சம் இலவம்பஞ்சு. தலையணை அடைத்தபின் அம்மா மிச்சம் வைத்த பஞ்சு அது. மருந்துக்கடைப் பஞ்சு வேண்டாம். பஞ்சிழையின் மேல் இயற்கையாக உள்ள மெழுகை நீக்கித்தான் அதைச் செய்கிறார்கள்; அதனால் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு ஈரமாகவே கிடக்கும். இலவம்பஞ்சுக்கு அந்த மெழுகு இருக்கிறது, நனைவதில்லை. ஒரு காலத்தில் கப்பல்களில் உயிர்காக்கும் சட்டைக்குள் இதைத்தான் அடைத்தார்கள்.

நார் எதுவானாலும் விரல் நீளத்துக்கு மேல் வைப்பதில்லை.

*

நீளத்தைப் பற்றி இன்னும் எழுத வேண்டும். தலை வாரி உதிர்ந்த முடியைச் சுருட்டிக் கொல்லையில் எறிவது நம் வீடுகளில் பழக்கம். மெத்தென்றிருக்கிறது, பறவை எடுத்துப்போகிறது. குஞ்சின் கால் தீக்குச்சியைவிட மெல்லியது. அதில் ஒரு நீள முடி சுற்றிக்கொண்டால், கால் பருக்கப் பருக்க அது இறுகும்; ரத்தம் ஓடாது; பறக்கும் நாளில் குஞ்சு கூட்டோடு கட்டுண்டு கிடக்கும். தையல் நூலும் இதைத்தான் செய்யும். அரிசி மூட்டை, சிமென்ட் சாக்கிலிருந்து பிரியும் பிளாஸ்டிக் இழையும் அப்படியே. எல்லாவற்றையும்விடக் கொடியது பட்டம் விடும் மாஞ்சா நூல். 2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுவதும் நைலான் மாஞ்சாவைத் தடை செய்தது. முருங்கைக் கிளையில் இன்னும் தொங்குகிறது.

காலையில் கொல்லையைச் சுற்றி வரும்போது இவற்றைப் பொறுக்குகிறேன். கூடையில் வைப்பதைவிட இந்தப் பொறுக்கல் முக்கியம் என்றே நினைக்கிறேன்.

நாய் வளர்க்கும் நண்பர் ஒருவர் அதன் உதிர்ந்த ரோமத்தைப் பையில் போட்டுக் கொண்டுவந்தார். நல்ல மனம். ஆனால் உண்ணிக்கு மருந்து தடவிய ரோமம் அது. சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் பிரிட்டனில் சிறு பறவைகளின் கூடுகளைச் சோதித்து 2025இல் வெளியிட்ட ஆய்வில், எடுத்த எல்லாக் கூடுகளிலும் ஃபிப்ரோனில் என்னும் உண்ணி மருந்து இருந்தது. பூச்சிமருந்து மிகுந்த கூடுகளில் பொரியாத முட்டையும் இறந்த குஞ்சும் கூடுதல். இதைச் சொன்னதும் நண்பர் பையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அடுத்த வாரம் வைக்கோலோடு வந்தார்.

*

கூடையிலிருந்து எதை எடுப்பது என்பது பறவைகளின் தீர்ப்பு. சிட்டுக்குருவி தன் கூட்டுக்குள் பச்சை வேப்பிலையைக் கொண்டுவந்து வைக்கிறது. கூட்டில் உண்ணி, பேன் சேராதிருக்க என்று 1981இல் ஓர் ஆய்வுக் கட்டுரை சொன்னது. வேப்பிலையை யாரும் அதற்கு எடுத்துக் கொடுக்கவில்லை. மரம் மட்டும் இருந்தது.

2020இல் சிவகங்கை மாவட்டம் பொத்தக்குடியில் தெருவிளக்குப் பெட்டிக்குள் ஒரு குருவி முட்டையிட்டது. குஞ்சுகள் பறக்கும்வரை, ஒரு மாதத்துக்கும் மேலாக, ஊர் விளக்கைப் போடாமல் இருட்டில் நடந்தது. அந்த ஊரை நினைக்கும்போதெல்லாம் என் கூடை மிகச் சிறியதாகத் தெரிகிறது. வருத்தத்தில் சொல்லவில்லை, இன்னும் எவ்வளவு இடம் கொடுக்கலாம் என்ற நினைப்பில் சொல்கிறேன்.

*

கத்தரி பிடுங்கும் காலம் வந்துவிட்டது. காய்ப்பு ஓய்ந்தாலும் இரண்டு செடிகளை விட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன். தையல்சிட்டுக்கு வேண்டியது அகன்ற இலை. ஓரத்தில் அலகால் துளையிட்டு, பஞ்சிழையையும் வலையையும் இழுத்துத் தைத்து, அந்தப் பைக்குள் கட்டும். ஆனி, ஆடியிலும் அது கட்டும். அதுவரை அந்தச் செடிகளுக்குத் தண்ணீர் போகும், மருந்து போகாது.