ஆறாவது அறிவு எந்த மாடியில்?

சீடன்: ஐயா, ஒருவன் கோபத்தில் பிள்ளையை அறைந்துவிட்டுப் பிறகு உட்கார்ந்து வருந்துகிறான். அறைந்தது அவனுக்குள் இருக்கும் விலங்கு, வருந்தியது மனிதன் என்று படித்தேன். மூளையே மூன்று அடுக்காமே! அடியில் பல்லியின் மூளை, அதற்கு மேல் பாலூட்டிகளின் உணர்ச்சி மூளை, உச்சியில் சிந்திக்கும் மனித மூளை.

குரு: பால் மெக்லீன் என்ற அமெரிக்க மருத்துவர் 1960-களில் வகுத்த கணக்கு அது. வானியலாளர் கார்ல் சேகன் 1977-இல் ஒரு புத்தகத்தில் எடுத்து எழுதினார், ஊரெல்லாம் பரவிவிட்டது. இன்றும் தன்னம்பிக்கை வகுப்புகளில் அதைத்தான் ஓட்டுகிறார்கள். மூளையை ஆராய்கிறவர்கள் அதைக் கைவிட்டு வெகுகாலம் ஆயிற்று.

சீடன்: ஏன் ஐயா? கேட்கப் பொருத்தமாகத்தானே இருக்கிறது?

குரு: பொருத்தமாக இருப்பதால்தான் யாரும் சரிபார்க்கவில்லை. கீழே கட்டி முடித்து, கையில் காசு சேர்ந்ததும் மேலே ஒரு மாடி எழுப்புவதுபோல் பரிணாமம் மூளையைக் கட்டவில்லை. ஒரு பரம்பரை வீட்டை நினைத்துக்கொள். குடும்பம் வேறெங்கும் போக வழியில்லை. உள்ளே குடியிருந்துகொண்டே வீட்டை மாற்ற வேண்டும். ஒரு நாள்கூட அடுப்பு அணையக் கூடாது. மாட்டுக் கொட்டகை பைக் நிறுத்தும் இடமாகிறது, நெல் கொட்டிய அறை பிள்ளைகள் படிக்கும் அறையாகிறது, நடுச்சுவர் ஒன்று போகிறது. பழைய வீடு எது, புது வீடு எது என்று கோடு கிழிக்க முடியாது. பழைய அறைகளும் சும்மா இருக்கவில்லை, அவையும் மாறிக்கொண்டே வந்தன.

லாம்ப்ரே என்ற தாடையில்லாத மீனைப் பார். அதன் கிளை நம் கிளையை விட்டுப் பிரிந்து ஏறக்குறைய 50 கோடி ஆண்டுகள். எதைச் செய்வது, எதை நிறுத்திவைப்பது என்று தேர்ந்தெடுக்கும் நரம்புத் தொகுதி நம் மூளையின் அடிப்பகுதியில் இருக்கிறதே, அதே அமைப்பு அந்த மீனிடமும் இருப்பதை ஸ்டாக்ஹோமில் ஸ்டென் கிரில்னர் குழுவினர் காட்டினார்கள். தேர்ந்தெடுக்கும் வேலை மனிதனுக்காகக் கடைசியில் சேர்த்த மாடி இல்லை என்பதற்கு இது போதும். பறவைகளிடம் நடந்தது இன்னும் வேடிக்கை. நூறு ஆண்டுகளுக்கு முன் லுட்விக் எடிங்கர் என்ற ஜெர்மானியர், பறவையின் முன்மூளை முழுக்கவே பழைய அடிப்பகுதிதான், சிந்திக்க அங்கே இடமே இல்லை என்று முடிவுகட்டிப் பெயர்களையும் அதற்கேற்ப வைத்துவிட்டார். அந்தப் பெயர்களைத் தூக்கிப் போட 2005 வரை ஆயிற்று. 2016-இல் எண்ணிப் பார்த்தபோது, கிளிகளுக்கும் பாடும் பறவைகளுக்கும் அதே எடையுள்ள குரங்கு மூளையைவிடச் சராசரியாக இருமடங்கு நரம்பணுக்கள் இருந்தன. காக்கை பாடும் பறவை இனத்தில்தான் சேர்த்தி. அதன் குரலைக் கேட்டு நீ சிரிக்காதே.

சீடன்: தொல்காப்பியரும் ஓரறிவு முதல் ஆறறிவு வரை படிப்படியாகத்தானே அடுக்கினார்?

குரு: அடுக்கினார். தொல்காப்பியத்தில் மரபியல் என்ற அதே பகுதியில், விலங்குகளில் சிலவற்றுக்கும் ஆறாவது உண்டு என்றும் சொல்லி வைத்தார். உரை எழுதியவர்கள் குரங்கையும் யானையையும் கிளியையும் எடுத்துக்காட்டினார்கள். மேடையில் பேசுகிறவர்கள் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

சீடன்: யானைக்கு மூளை நம்மைவிடப் பெரிதாயிற்றே?

குரு: பெரிதுதான். மூளையைக் கரைத்துக் கூழாக்கி, அதில் மிதக்கும் உட்கருக்களை எண்ணும் முறை ஒன்றைப் பிரேசிலின் சுசானா ஹெர்குலானோ-ஹௌசெல் கண்டுபிடித்தார். மனிதனுக்கு 8,600 கோடி நரம்பணுக்கள், ஆப்பிரிக்க யானைக்கு 25,700 கோடி. ஆனால் யானையின் கணக்கில் பெரும்பங்கு சிறுமூளையில். பெருமூளைப் புறணியில் நமக்கு 1,600 கோடி, அதற்கு 560 கோடிதான். எடையை விடு.

சீடன்: சரி, எடையை விட்டேன். மொழி இல்லாமல் சிந்தனை ஏது?

குரு: 2002-இல் ஆக்ஸ்போர்டில் பெட்டி என்ற நியூ கலிடோனியக் காக்கை நேரான கம்பியைக் கொக்கியாக வளைத்து, குழாய்க்குள் இருந்த இரைவாளியைத் தூக்கியது. அது யாரோடும் பேசவில்லை. அடுத்தது?

சீடன்: ஆன்மா?

குரு: இன்னொரு நாள்.

சீடன்: அப்படியானால் மிஞ்சுவது ஒன்றுதான் ஐயா. சிந்தனையை விட்டுவிடுகிறேன். உணர்ச்சிக்கு என்ன சாட்சி? விலங்கு விலகி ஓடுவதைப் பார்க்கிறோம். அது பயப்படுகிறது என்பது நாம் ஏற்றிச் சொல்வதுதானே? உள்ளே ஒன்றுமே இல்லாமல் கால் மட்டும் ஓடலாமே.

குரு: இது கேள்வி. நானும் பல காலம் இதில்தான் சிக்கிக் கிடந்தேன். இதற்கு நிதானமாகப் பதில் சொல்கிறேன்.

முதலில் ஒரு பரிசோதனை. கிரேஃபிஷ் என்று நன்னீரில் வாழும் சிங்கி இறால் வகை ஒன்று உண்டு. பிரான்சில் போர்தோ நகர ஆய்வாளர்கள், கூட்டல் குறி வடிவத்தில் ஒரு நீர்த்தொட்டி செய்தார்கள். இரண்டு கைகளில் வெளிச்சம், இரண்டில் இருட்டு. சும்மா விட்ட இறால் இருட்டை விரும்பினாலும் வெளிச்சத்துக்கும் போய்ச் சுற்றிப் பார்த்தது. முன்னதாக மின்னதிர்ச்சி கொடுத்துவிட்டுக் கொண்டுவந்த இறால் வெளிச்சத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இங்கே கவனி. அதிர்ச்சி முடிந்துவிட்டது, தொட்டியில் மின்சாரமும் இல்லை, வெளிச்சம் அதற்கு எந்தத் தீங்கும் செய்யவில்லை. வேறெங்கோ பட்ட அடி, இந்தப் புது இடத்தில் அதன் தேர்வை மாற்றுகிறது. அதன் மூளையில் செரடோனின் என்ற நரம்பு வேதிப்பொருள் ஏறியிருந்தது. பிறகு மனிதர்களின் பதற்றத்துக்குக் கொடுக்கும் ஒரு மருந்தை அதற்குச் செலுத்தினார்கள். இறால் மறுபடி வெளிச்சத்துக்குள் நடந்தது. இது 2014-இல் வந்த ஆய்வு. 'கால் மட்டும் ஓடுகிறது' என்று இதைச் சொல்லிவிட முடியுமா? அனிச்சைச் செயல் என்றால் தொட்டதும் நடக்க வேண்டும், விட்டதும் முடிய வேண்டும். இதுவோ தங்குகிறது, சம்பந்தமில்லாத இன்னொன்றின் மேல் படிகிறது, எதை எவ்வளவு மதிப்பது என்ற தராதரத்தையே மாற்றுகிறது.

லண்டனில் 2016-இல் வண்டுத்தேனீக்களிடம் நடந்தது இதற்கு நேர் எதிர்ப்பக்கம். ஒரு நிறத்துக்குச் சர்க்கரைநீர், இன்னொன்றுக்கு வெறும் நீர் என்று பழக்கிவிட்டு, இரண்டுக்கும் நடுவான நிறம் ஒன்றைக் காட்டினார்கள். வழியில் எதிர்பாராமல் ஒரு துளி சர்க்கரைநீர் குடித்திருந்த தேனீ, அந்தச் சந்தேக நிறத்தை நோக்கி வேகமாகப் பறந்தது. டோபமின் என்ற இன்னொரு நரம்பு வேதிப்பொருளைத் தடுக்கும் மருந்து கொடுத்தால் அந்த உற்சாகம் காணாமல் போயிற்று.

இனி மனிதனிடம் வா. நரம்பியல் மருத்துவர் அந்தோனியோ தமாசியோ 1994-இல் வெளியிட்ட நூலில் ஒரு நோயாளி வருகிறார். நெற்றிக்குப் பின்னால் மூளையில் சேதம். புத்தி கூர்மையாகவே இருந்தது, உணர்ச்சி மட்டும் வற்றிவிட்டது. அடுத்த முறை வர இரண்டு தேதிகள் சொல்லி எது வசதி என்று கேட்டார்கள். அவர் குறிப்பேட்டைத் திறந்துவைத்து, அன்று வேறு வேலை உண்டா, வானிலை எப்படி இருக்கும் என்று ஏறக்குறைய அரை மணி நேரம் காரணம் அடுக்கிக்கொண்டே இருந்தார். கடைசியில் தமாசியோவே இரண்டாவது தேதியைச் சொன்னார். நோயாளி சரி என்று எழுந்து போய்விட்டார். உன் மூன்று மாடிக் கணக்குப்படி, கீழ்மாடி ஓய்ந்தால் மேல்மாடி சுகமாக வேலை செய்ய வேண்டும். செய்யவில்லையே! பரம்பரை வீட்டில் சமையலறையை இடித்துவிட்டுப் படிப்பறையில் மட்டும் குடியிருக்க முடியுமா?

(சீடன் இவ்வளவு நேரமும் பேசாமல் இருந்தான். இப்படிப்பட்ட உரையாடல்களில் சீடர்களுக்குப் பொறுமை அதிகம்.)

இப்போது உன் ஆட்சேபத்தின் வேருக்கு வருகிறேன். லாயிட் மார்கன் என்ற உளவியலாளர் 1894-இல் ஒரு விதி சொன்னார்: கீழான மனத்திறன் ஒன்றால் விளக்கக்கூடிய செயலுக்கு மேலான திறனைக் காரணம் காட்டாதே. நல்ல விதி, நாய் நன்றி காட்டியது, பாம்பு பழிவாங்கியது என்ற கதைகளை அது கட்டுப்படுத்தியது. ஆனால் உணர்வை 'மேலானது' என்று யார் சொன்னது? உணர்வே பழைய அறை என்றால், அதை விலங்குக்குச் சொல்லக் கூடாது என்று இந்த விதியை வைத்துத் தடுக்க வழியில்லை. விதிக்கு வலு கொடுப்பது அந்த மாடிக் கணக்குதான்.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கிறேன். இறாலுக்கு அந்த நிலை எப்படி இருக்கிறது என்பது தொட்டியிலிருந்து தெரியாது. ஜோசஃப் லெடூ, மூளையில் அமிக்டலா என்ற பகுதியையும் பயத்தையும் பற்றி ஆயுள் முழுக்க ஆராய்ந்தவர், அவரே பிற்காலத்தில் பின்வாங்கி, விலங்குகளிடம் நாம் பார்ப்பது உயிர்காக்கும் நரம்புச் சுற்றுகளை, அனுபவிக்கும் பயத்தைப் பார்த்ததாகச் சொல்லாதீர்கள் என்றார். எச்சரிக்கை நியாயம். அதற்காக 'உள்ளே ஒன்றுமில்லை' என்ற பக்கம் தானாக வென்றுவிடாது. அதற்கும் சாட்சி வேண்டும்.

சீடன்: அப்படியானால் நண்டை உயிரோடு கொதிநீரில் போடுவது, ஐயா?

குரு: சிங்கி இறாலை மயக்காமல் அப்படிப் போடக் கூடாது என்று சுவிட்சர்லாந்தில் 2018 முதல் சட்டம். பிரிட்டன் 2022-இல் நண்டு, இறால், கணவாய், ஆக்டோபஸ் எல்லாவற்றையும் உணர்வுள்ள விலங்குகளின் பட்டியலில் சேர்த்தது.

சீடன்: சிப்பி?

குரு: சிப்பிக்கு மூளை என்று ஒன்று கிடையாது, சில நரம்பு முடிச்சுகள்தான். பட்டியலில் அது இல்லை. வீட்டில் சிப்பி சமைத்திருந்தால் போய்ச் சாப்பிடு.