கண்ணும் காமிராவும்

உற்சவ காலங்களில் திருவீதிப் புறப்பாட்டுக்கு முன்னே காமிராவும் கையுமாக நிற்கும் அன்பர்களை இன்று எங்கும் காணலாம். இவர்களிற் பலர் அதைத் தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர். அலுவலகத்திலோ கடையிலோ உழைத்துக் குடும்பத்தைக் காப்பவர்கள். மிச்சம் பிடித்த பணத்தில் காமிராவும் லென்சும் வாங்கி, விடுமுறை நாட்களில் திவ்யதேசங்களுக்குச் சென்று படம் எடுப்பவர்கள். இவர்களுள் விவேகம் உடையவருக்கு என்றேனும் ஒருநாள் ஓர் ஐயம் எழுந்தே தீரும். ‘இவ்வளவு பணத்தையும் பொழுதையும் இதில் செலவிடுவது முறைதானா? இந்தத் தொகையில் ஒரு வேளை ததீயாராதனம் நடத்தியிருக்கலாமே! இந்த நேரத்தில் பத்துப் பாசுரம் அநுஸந்தித்திருக்கலாமே!’ என்று மனம் உறுத்தும்.

இவ்வையம் எழுவது நன்றே. பட்டாடைக்கும் பலகாரத்துக்கும் தாராளமாகச் செலவழிப்பவர்களுக்கு இது பெரும்பாலும் எழுவதில்லை என்பதையும் சொல்லி வைக்கலாம்.

சித்தும் அசித்துமாகிய அனைத்தும் எம்பெருமானுக்குச் சரீரம் என்பது ஸ்ரீபாஷ்யகாரர் நிலைநாட்டிய ஸித்தாந்தம். ஆகவே ‘என் பணம், என் நேரம்’ என்று கணக்கைத் தொடங்கும்போதே முதல் வரி பிழையாகிவிடுகிறது. பணமும் அவனுடையது, பொழுதும் அவனுடையது, காமிராவின் பின்னால் இருக்கும் கண்ணும் அவனுடையது. உடையவனுடைய பொருள் உடையவன் உகக்கும் வழியில் சென்றதா என்று கேட்பதே சேஷபூதனான ஜீவனுக்கு ஏற்றது. ஆனால் இதையே சாக்காகக் கொண்டு, தவணைக் கடனில் இன்னுமொரு லென்சு வாங்கி, பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைத் தள்ளிப்போடுபவருக்குச் சாஸ்திரத்தில் இடமில்லை. குடும்பபரணம் கிருஹஸ்தனுக்கு விதித்த தர்மம். அதைக் குறைத்துச் செய்வது எதுவாயினும் கைங்கர்யம் என்னும் பெயரைப் பெறாது.

செய்ய வேண்டியவற்றைச் செய்தபின் எஞ்சியதைப் படத்துக்குச் செலவிட்டால் என்ன பயன் என்பாரும் உண்டு. ஆனந்தமங்கலம் ராஜகோபாலஸ்வாமி கோயிலில் எழுந்தருளியிருந்த ஸ்ரீராமபிரான், ஸீதாப்பிராட்டி, இளையபெருமாள் விக்கிரகங்கள் 1978-ஆம் ஆண்டில் களவு போயின. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்தபின், 2020-இல் இங்கிலாந்திலிருந்து மீட்கப்பெற்றன. இம்மூர்த்திகள் இவ்வூரினரே என்று சாட்சி சொன்னவை, புதுச்சேரி பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தார் 1958-இல் அக்கோயிலில் எடுத்துவைத்த புகைப்படங்கள். கும்பகோணத்தை அடுத்த ஸௌந்தரராஜப் பெருமாள் கோயிலின் திருமங்கையாழ்வாருக்கும் இவ்வாறே நேர்ந்தது. 1967-இல் ஆக்ஸ்போர்டு அருங்காட்சியகம் வாங்கிய திருவுருவம் அவ்வாழ்வாரே என்று அறிவதற்கு 1957-இல் எடுத்த ஒரு படம் துணை நின்றது. திருப்பித் தர அப்பல்கலைக்கழகம் 2024-இல் இசைந்தது.

அப்படங்களை எடுத்தவர்கள் ஆராய்ச்சியாளர்கள். பொழுதுபோக்குக்காக எடுத்தவர்கள் அல்லர். அவர்கள் படம் பயன்பட்டதற்குக் காரணம், எந்த ஊர், எந்தக் கோயில், எந்த ஆண்டு என்று குறித்து ஒழுங்காகக் காப்பாற்றி வைத்ததுதான். ஊரும் நாளும் குறிக்காமல் பெட்டியில் குவிந்து கிடக்கும் ஆயிரம் படங்களுக்கு இந்தச் சிறப்பு உண்டாகாது. முப்பத்தாறு படங்களுக்கு ஒரு சுருள் என்றிருந்த காலத்தில் ஒவ்வொன்றையும் யோசித்து எடுத்தார்கள். இன்று ஒரு புறப்பாட்டில் ஐந்நூறு எடுத்துவிட்டு ஒன்றையும் திரும்பிப் பாராதவர்களும் இருக்கிறார்கள். விரயம் என்று ஒன்று உண்டானால் அது இங்கேதான்.

பணத்தைக் காட்டிலும் கடினமான கேள்வி கண்ணைப் பற்றியது. காஞ்சியில் வைகாசி பிரம்மோத்ஸவத்தின் மூன்றாம் நாள், பேரருளாளன் கருடன்மீது கோபுர வாசலுக்கு எழுந்தருளும்போது, ஒரு கணம் குடையால் அவனை மறைப்பது வழக்கம். சோளிங்கரில் இருந்தபடியே அந்தச் சேவைக்கு ஏங்கிய தொட்டையாசாரியருக்கு, பெருமாள் அங்கேயே காட்சி தந்ததன் நினைவாக நடப்பது இது. அந்தக் கணத்தில் படம் எடுப்பவருக்குக் கிடைப்பது குடையின் படம் மட்டுமே. கையில் ஒன்றுமில்லாமல் திருக்குளக்கரையில் நின்ற தொட்டையாசாரியரோ பூர்ணமாகச் சேவித்தார். திருப்பாணாழ்வார் திருவடி தொடங்கித் திருக்கண்வரை அரங்கனை அநுபவித்தபின் அக்கண்களால் வேறொன்றையும் காண விரும்பவில்லை என்பதைப் பெரியோர் எடுத்துக்காட்டுவர். வெளிச்சம் போதுமா, முன்னால் நிற்பவர் தலை மறைக்கிறதா என்று கவலைப்படும் கண் சேவித்த கண்ணாகுமா? (முன்னால் நிற்பவர்க்கும் அவருக்குப் பின்னால் நிற்பவர்க்கும் இவரைப் பற்றி இதே கவலை உண்டு என்பது வேறு விஷயம்.)

அதற்காகக் காமிராவைக் குளத்தில் எறிய வேண்டியதில்லை. மூலவர் ஸந்நிதியில் படம் எடுக்கலாகாது என்னும் நியமம் பெரும்பாலான கோயில்களில் இருக்கிறது. அங்கே கைகள் கூப்புவதற்கென்றே ஒழிந்திருக்கின்றன. வீதியிலும் முதல் தீபாராதனையைக் கண்ணாரச் சேவித்துவிட்டுப் பிறகு கருவியை எடுப்பவர்கள் உண்டு. அவர்கள் படங்கள் ஒன்றிரண்டு குறையலாம்.

தொட்டையாசாரியரைப் போல் வரவியலாமல் வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். முழங்கால் வலியோடு திண்ணையில் அமர்ந்திருப்பவரும், படுக்கையைவிட்டு எழ முடியாதவரும் எத்தனை பேர்! உற்சவம் முடிந்து திரும்பியவர் நல்லதொரு படத்தை அச்சிட்டு, பின்புறம் திருநாளையும் ஆண்டையும் எழுதி, அப்படி ஒரு மூதாட்டியின் கையில் கொடுக்கட்டும். அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடி அணிந்துகொண்டு, “இந்த வருஷம் என்ன மாலை சாத்தியிருக்கிறார்கள்?” என்றுதான் முதலில் கேட்பார்.