வினை யாருடையது?

வழிப்பறிக் கள்வனான ரத்னாகரன் வால்மீகி முனிவராக மாறிய கதையை அனைவரும் அறிவோம். 'என் பாவத்தில் உங்களுக்குப் பங்கு உண்டா?' என்று அவன் கேட்டபோது குடும்பத்தினர் 'இல்லை' என்றனர். அவர்களது நன்றியின்மைக்குச் சான்றாகவே இதைப் பலரும் கூறுவர். ஆனால் அவர்கள் சொன்னது கர்ம நியதியையே: வினை செய்தவனையே சேரும்.

இந்த நியதியை ஏற்கும் சமுதாயம், சிறை சென்றவரின் குழந்தையிடம் மட்டும் அதை மறந்துவிடுகிறது. வகுப்பில் ஏதேனும் காணாமற்போனால் முதலில் யாருடைய பை சோதிக்கப்படுகிறது? நீதிமன்றம் தந்தைக்கு விதித்த தண்டனையை, விசாரணையே இன்றி நாம் மகனுக்கும் விதிக்கிறோம்.

சட்டம் இதில் தெளிவாக உள்ளது. ஆர்.டி.உபாத்யாய் வழக்கில் 2006 ஏப்ரல் 13 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாயுடன் சிறையில் வாழும் குழந்தையைக் கைதியாக நடத்தலாகாது. அங்கே பிறந்தாலும் பிறப்புச் சான்றிதழில் சிறையைப் பிறந்த இடமாகக் குறிக்கலாகாது. ஆறு வயதுவரை தாயுடன் இருக்கலாம். அதன்பின் அரசுப் பராமரிப்பில் வளரும் குழந்தை வாரம் ஒருமுறையேனும் தாயைக் காண வேண்டும் என்றது அத்தீர்ப்பு.

ஆயினும் சிறைவாசலுக்கு வெளியே, பாட்டியின் நிழலில் வளரும் குழந்தைகளை யார் நினைப்பது? பெங்களூருவில் ரிசர்வ் வங்கியில் பணியாற்றிய மணி என்பவர், ஆயுள் தண்டனை பெற்றோரின் பிள்ளைகளைப் பேண 1999-இல் 'சோகேர்' என்ற அமைப்பைத் தொடங்கினார். பரப்பன அக்ரஹாரச் சிறையின் மதில் அதே நகரில்தான் நிற்கிறது. அதைக் கடந்து செல்வோருள், உள்ளே இருப்பவருக்கும் குழந்தைகள் உண்டு என்று எண்ணுவோர் சிலரே.

இங்கே இரண்டு ஐயங்கள் எழலாம். முதலாவது: 'இத்துன்பம் அக்குழந்தையின் முன்வினைப் பயன் அல்லவா?' பிறருடைய முன்வினையை அறியும் ஆற்றல் நமக்கு இல்லை. நம் கண்முன் ஒரு குழந்தை பசித்து நிற்பதையே அறிவோம். அதைக் கண்டும் முகம் திருப்பினால், அது நாம் இன்று புதிதாகச் சேர்க்கும் வினையாகும்.

இரண்டாவது ஐயம் கனமானது: 'கொலையுண்டவரின் குழந்தை அநாதையாக நிற்க, கொன்றவரின் பிள்ளைக்கு இரங்குவதா?' முன்னவருக்கே நம் முதற்கடமை. அதில் சிறிதும் குறைவு கூடாது. ஆனால் ஒரு குழந்தைக்கு அன்னம் மறுப்பதால் மற்றொரு குழந்தையின் கண்ணீர் நிற்பதில்லை. இருவருமே தாங்கள் செய்யாத செயலால் துன்புறுகிறார்கள். கருணை பங்கிட்டால் குறைந்துபோகும் பொருளன்று.

கண்ணன் சிறையில் பிறந்து ஆயர்பாடியில் வளர்ந்தான். தேவகியும் வசுதேவரும் குற்றமற்றவர்கள் என்பது உண்மை. எனினும் பாலுக்கு அழும் எந்தக் குழந்தையும் அந்த வேறுபாட்டை அறியாது. அதற்குத் தேவை ஒரு யசோதை.

நாம் செய்யக்கூடியது என்ன? 'அப்பா வெளிநாட்டில் இருக்கிறார்' என்ற பொய் ஒருநாள் வீதியில் உடையும். வயதுக்கேற்ற மென்மொழியில் உண்மையைச் சொல்ல அத்தாய்க்குத் துணைநிற்கலாம். பள்ளிக் கட்டணம் செலுத்தலாம். சிறை நேர்காணலுக்குச் செல்லும் பாட்டிக்குப் பயணச் செலவு தரலாம். இவை எதுவும் இயலாதபோதும் ஒன்று இயலும்: அக்குழந்தை நம் வீட்டுப் பிள்ளைகளுடன் விளையாட வரும்போது, கதவைச் சாத்தாமல் இருப்பது.