உங்கள் வள்ளத்தை இறக்குங்கள்!

உங்கள் விசுவாசத்துக்குச் சாட்சி சொல்ல யாரைக் கூப்பிடுவீர்கள்? பங்குத்தந்தையைக் கூப்பிடுவீர்கள். அன்பியத் தலைவரைக் கூப்பிடுவீர்கள். ஞாயிறு தவறாமல் திருப்பலிக்கு வருகிறார், தவக்காலத்தில் கறி தொடமாட்டார், வருடம் தவறாமல் வேளாங்கண்ணிக்குப் போகிறார் என்று அவர்களும் சொல்வார்கள். நல்லதுதான். ஆனால் என்னைக் கேட்டால், வேறு ஆள்களைக் கூப்பிடச் சொல்வேன். உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அக்காவைக் கூப்பிடுங்கள். உங்கள் கடையில் கடனுக்குச் சாமான் வாங்குகிறவரைக் கூப்பிடுங்கள். அலுவலகத்தில் உங்களுக்குக் கீழே வேலை பார்க்கும் பையனைக் கூப்பிடுங்கள். கோபம் தலைக்கேறிய நேரத்தில் உங்கள் வாயிலிருந்து என்ன வரும் என்று தெரிந்த பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். அவர்கள் சொல்லட்டும், நீங்கள் கிறிஸ்தவரா இல்லையா என்று!

செயலில் இறங்காத விசுவாசத்துக்கு உயிர் கிடையாது என்று யாக்கோபு தம் திருமுகத்தில் ஒளிவுமறைவில்லாமல் எழுதிவைத்துப் பத்தொன்பது நூற்றாண்டுகள் ஓடிவிட்டன. நாமோ இன்னும் ஒரே பதிலைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்: “நான் சாதாரண ஆள். பணமா இருக்கிறது, பதவியா இருக்கிறது, என்னால் என்ன ஆகும்?”

இந்தப் பேச்சைப் பொய்யாக்கிக் காட்டியவர்கள் திருவனந்தபுரம் கடற்கரையில் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்த பிறகும் “நான் சாதாரண ஆள்” என்று சொல்ல உங்களுக்கு நா எழும்பாது.

லாரி ஏறிய வள்ளங்கள்

2018 ஆகஸ்ட் மாதம். கேரளம் முழுவதும் மழை கொட்டித் தீர்த்தது. அணைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. இடுக்கியில் செறுதோணி அணையின் ஐந்து மதகுகளும் திறந்தன. பம்பையும் பெரியாறும் அச்சன்கோவிலாறும் ஊருக்குள் புகுந்தன. ரான்னியிலும் ஆறன்முளையிலும் செங்கன்னூரிலும் மக்கள் மொட்டை மாடியில் நின்று, சார்ஜ் தீரப்போகும் செல்போனில் உயிருக்குக் கெஞ்சினார்கள். செங்கன்னூர் சட்டமன்ற உறுப்பினர் சஜி செறியான் தொலைக்காட்சியில் தேம்பித் தேம்பி அழுது, ஹெலிகாப்டர் அனுப்புங்கள், இல்லையென்றால் என் மக்கள் செத்துப்போவார்கள் என்று மன்றாடினார்.

அந்த நேரத்தில் திருவனந்தபுரம் கடற்கரையில், விழிஞ்ஞத்திலும் பூந்துறையிலும் புதியதுறையிலும் அஞ்சுதெங்கிலும் மீனவர்கள் என்ன செய்தார்கள்? கடலில் இறக்க வேண்டிய வள்ளத்தைத் தோள் கொடுத்து லாரியில் ஏற்றினார்கள். எஞ்சினை ஏற்றினார்கள். மண்ணெண்ணெய்க் கேனை ஏற்றினார்கள். கயிறு ஏற்றினார்கள். தாங்களும் ஏறினார்கள். பங்குத்தந்தையர் ஆள் திரட்ட முன்னால் நின்றார்கள். 100 கிலோமீட்டருக்கு அப்பால், முகம் தெரியாத மனிதர்களைத் தேடி அந்த லாரிகள் மழையில் கிளம்பின.

விழிஞ்ஞத்தில் நல்ல மீன்பாடு கிடைப்பதே இந்த மழை மாதங்களில்தான். ஒரு நாள் கடலுக்குப் போகாவிட்டால் அன்றைய கஞ்சி போச்சு. வள்ளமும் எஞ்சினும் பெரும்பாலும் கடனில் வாங்கியவை. உடைந்தால் கடன் மட்டும் அப்படியே நிற்கும். இதெல்லாம் தெரிந்துதான் ஏற்றினார்கள்!

கடலில் ஓடுகிற வள்ளம் தெருவில் எப்படி ஓடும்? தண்ணீருக்கடியில் காம்பவுண்டுச் சுவர் மறைந்திருக்கும். சுவர்மேல் கூர்க்கம்பி இருக்கும். இரும்புக் கேட், சாய்ந்த மின்கம்பம், தழையத் தொங்கும் கம்பி என்று எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அணியத்தில் ஒருவர் நின்று கழியால் குத்திக் குத்தி ஆழம் பார்க்க வேண்டும். அவர் கை காட்டியதும் அமரத்தில் இருப்பவர் எஞ்சினைத் தூக்க வேண்டும். மற்றவர்கள் தண்ணீரில் குதித்து, இழுக்கும் வெள்ளத்துக்கு எதிராக வள்ளத்தைக் கையால் பிடித்து நிறுத்த வேண்டும். அப்புறம்தான் சன்னல் வழியாகவோ மாடி வழியாகவோ ஒரு வயதான அம்மாவைத் தோளில் தூக்கி இறக்க முடியும். சுவரில் உரசி அடிப்பாகம் கிழிந்த வள்ளங்கள் எத்தனையோ! கிழிந்ததை அடைத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனார்கள்.

அரசு தந்த கணக்கின்படி 669 படகுகள், 4,500-க்கும் மேற்பட்ட மீனவர்கள், காப்பாற்றப்பட்டவர்கள் சுமார் 65,000 பேர். கேரளத்தின் சொந்த ராணுவம் இவர்கள் என்று முதல்வர் பினராயி விஜயன் சொன்னார். படகு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாய் தருவதாக அரசு அறிவித்தபோது, உயிரைக் காப்பாற்றியதற்குக் கூலியா, வேண்டாம் என்ற குரல் மீனவர்களிடமிருந்தே எழுந்தது.

போனவர்கள் எல்லாரும் கிறிஸ்தவர்களா? இல்லை. மலப்புறத்தில் வெள்ளத்தில் குனிந்து, தன் முதுகையே பெண்களுக்குப் படியாக்கிக் கொடுத்த மீனவர் இஸ்லாமியர். நன்மை செய்ய எந்த மதமும் தனியுரிமை கொண்டாட முடியாது. ஆனால் திருவனந்தபுரத்திலிருந்து போனவர்களில் மிகப் பலர், 1544-இல் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரையோரம் நடந்து திருமுழுக்குக் கொடுத்தாரே, அந்த மக்களின் வழிவந்தவர்கள். அவர்கள் பெற்ற விசுவாசம் செங்கன்னூர்த் தெருக்களில் கண்ணுக்குத் தெரிந்தது!

“எங்களுக்கு யார் வந்தார்கள்?”

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இதைச் சொல்லாவிட்டால் அந்த மக்களின் உயரம் உங்களுக்குப் புரியாது.

இந்த வெள்ளத்துக்கு ஒன்பது மாதம் முன்பு, 2017 நவம்பர் கடைசியில், ஒக்கிப் புயல் அதே கடற்கரையைச் சூறையாடியது. புயல் எச்சரிக்கை வந்து சேர்வதற்குள் வள்ளங்கள் ஆழ்கடலில் இருந்தன. பூந்துறை, விழிஞ்ஞம் வீடுகளில் ஒப்பாரி எழுந்தது. குமரி மாவட்டத்தில் நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர் ஊர்களில் கணவனை இழந்தவர்கள், மகனைப் பறிகொடுத்தவர்கள் எத்தனை பேர்! அந்தத் தமிழ் ஊர்களும் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவைதான். அப்போது பேராயராக இருந்த சூசைபாக்கியம் மார்த்தாண்டன்துறையில் பிறந்தவர். காணாமல் போனவர்களைத் தேடுவதில் தாமதம் என்று கொதித்து, மீனவர்கள் தாங்களே வள்ளத்தை எடுத்துக்கொண்டு தேடப் போனார்கள்.

அந்த ஆறாத காயத்தோடு இருந்தவர்கள், வெள்ளத்தில் தவித்த ஊர்களைப் பார்த்து, “எங்களுக்கு யார் வந்தார்கள்?” என்று கேட்டிருக்கலாம். கேட்க அவர்களுக்கு முழு உரிமை இருந்தது. கேட்கவில்லை. தண்ணீரில் தவிக்கிறவனின் வேதனை என்ன என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அது போதுமானதாக இருந்தது.

நாம் எப்படி? அவன் என் கல்யாணத்துக்கு மொய் வைக்கவில்லை. அவள் என் அம்மா சாவுக்கு வரவில்லை. அதனால் நானும் போகமாட்டேன். இப்படி மனத்துக்குள் கணக்குப் புத்தகம் வைத்துக்கொண்டு நற்கருணை வாங்கப் போகிறோமே, நியாயமா? அடிபட்ட யூதனை எடுத்துப் போட்டுக்கொண்டு போன சமாரியன், பழைய பகையைக் கணக்குப் பார்த்திருந்தால் அந்தக் கதையே இல்லை. உங்களுக்கு வலித்த இடத்திலிருந்துதான் உங்கள் கருணை புறப்பட வேண்டும். வலியை வன்மமாக்கி வயிற்றெரிச்சலோடு வாழ நீங்கள் பிறக்கவில்லை!

பெரிய நாளில் வெளிவருவது எது?

வெள்ளம் வந்த அன்று காலையில் அந்த மீனவர்கள் திடீரென்று வீரர்களாகிவிடவில்லை. கடலில் ஒரு வள்ளத்தின் எஞ்சின் நின்றுபோனால், பார்க்கிற வள்ளம் தன் மீன்பாட்டை விட்டுவிட்டுக் கயிறு வீசி இழுத்து வரும். அவன் போட்டிக்காரனா, பக்கத்து ஊர்க்காரனா, நேற்று சண்டை போட்டவனா என்று யாரும் பார்ப்பதில்லை. கடலுக்குப் போகும் பிள்ளை சின்ன வயதிலேயே பழகிக்கொள்வது இது. யாரும் படம் பிடிக்காத எத்தனையோ அதிகாலைகளில் வீசிய அந்தக் கயிறுதான் 2018 ஆகஸ்டில் செங்கன்னூர் மாடிகளுக்கு நீண்டது.

பெரிய நாள் உங்களை மாற்றாது. தினமும் நீங்கள் எப்படி இருந்தீர்களோ, அதைத்தான் அது வெளியே இழுத்துப்போடும். தினமும் பொய் சொன்ன வாய், பெரிய சோதனை வந்ததும் உண்மை பேசிவிடுமா? தினமும் வேலைக்காரரை வாடா போடா என்றவர், பேரிடர் வந்ததும் அன்பே உருவாக மாறிவிடுவாரா? ஏமாறாதீர்கள்! தியாகம் செய்ய ஒரு பெரிய தருணம் வரட்டும் என்று காத்திருப்பவர், அது வரும்போது கை நடுங்கி நிற்பார்.

கோவிலையே கொடுத்தவர்கள்

அதே கடற்கரையில் கொஞ்சம் வடக்கே தும்பா. புவிக்காந்த நடுக்கோடு அப்போது அந்த ஊருக்கு மிக அருகில் போனது. வளிமண்டலத்தின் மேலடுக்கை ஆராய ராக்கெட் விடுவதற்கு அதைவிடத் தோதான இடம் இல்லை என்று விஞ்ஞானி விக்ரம் சாராபாய் 1960-களின் தொடக்கத்தில் கண்டார். ஆனால் அங்கே புனித மரிய மதலேனாள் கோவில் இருந்தது. ஆயர் இல்லம் இருந்தது. சுற்றிலும் மீனவர் குடியிருப்பு இருந்தது.

ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரேரா தாமாக முடிவெடுக்காமல், ஞாயிறு திருப்பலியில் மக்களிடமே கேட்டார் என்று அப்துல் கலாம் எழுதியிருக்கிறார். ஞானஸ்நானம் பெற்ற கோவில், கல்யாணம் நடந்த கோவில், அப்பன் பாட்டன் மண்டியிட்ட கோவில். அதை விட்டுக் கொடுப்பீர்களா என்று கேட்டார். ஆமென் என்றார்கள் அந்த மக்கள்! கோவில் அலுவலகமானது. ராக்கெட் பாகங்கள் சைக்கிளில் வந்தன. 1963 நவம்பர் 21 அன்று நைக்-அப்பாச்சி ராக்கெட் தும்பாவிலிருந்து வானேறியது. இந்திய விண்வெளிப் பயணத்துக்கு அங்கேதான் பிள்ளையார்சுழி போடப்பட்டது. அந்தக் கோவில் கட்டடம் இன்று விண்வெளி அருங்காட்சியகம்.

சமணரான சாராபாய் கேட்டார், கிறிஸ்தவர்கள் கொடுத்தார்கள், ராமேசுவரத்து இஸ்லாமிய இளைஞரான கலாம் அங்கே உட்கார்ந்து வேலை பார்த்தார். நமக்கோ கோவிலில் வழக்கமாக உட்காரும் பெஞ்சில் வேறு யாராவது உட்கார்ந்தாலே முகம் சுருங்குகிறது! அந்த ஏழைக் குடும்பங்கள் கோவிலையே கொடுத்தும் விசுவாசத்தில் ஓர் இம்மி குறைந்துபோகவில்லை. பள்ளித்துறையில் புதுக்கோவில் எழுந்தது. மணி அங்கேயும் அடித்தது.

உங்கள் வள்ளம் எது?

மோசேயிடம் கடவுள் கையில் என்ன வைத்திருக்கிறாய் என்றுதான் விசாரித்தார். இருந்தது ஆடு மேய்க்கும் கோல். அது போதும் என்றார். உங்களிடமும் ஒன்று இருக்கிறது. அது எது என்று இன்றே கண்டுபிடியுங்கள்.

திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்தில் கடை வைத்திருக்கிறீர்களா? உங்கள் தராசுதான் உங்கள் பலிபீடம். முள் நேராக நிற்கட்டும். தலைமைச் செயலகத்தில் வேலையா? மேசையில் தூங்கும் அந்தக் கோப்புக்குள் ஒரு விதவையின் ஓய்வூதியம் இருக்கிறது. இன்று அதை நகர்த்துங்கள். வீடு கட்டுகிறீர்களா? வங்காளத்திலிருந்து வந்து கல் சுமக்கும் தம்பிக்குச் சனிக்கிழமை பொழுது சாயும் முன் கூலி போய்ச் சேரட்டும்.

ஒன்றுமே இல்லையா? தமிழும் மலையாளமும் தெரியுமல்லவா? திருவனந்தபுரத்தில் மெடிக்கல் காலேஜ் பக்கம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்குப் போய்ப் பாருங்கள். குமரியிலிருந்தோ நெல்லையிலிருந்தோ விடியற்காலை பஸ் பிடித்து வந்த அம்மா ஒருத்தி, மஞ்சள் பையில் ஸ்கேன் படத்தை வைத்துக்கொண்டு, மலையாளத்தில் எழுதிய சீட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து நிற்பாள். பக்கத்தில் போய், “அம்மா, கொடுங்க, நான் வாசிச்சுச் சொல்றேன். இது மேல மாடி, ரத்தம் கொடுக்கணும். வாங்க, நானே காட்டுறேன்” என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? பத்து நிமிடம்! அந்தப் பத்து நிமிடத்தில் நீங்கள் படிக்கட்டு ஏறியது யாரோடு என்று நினைக்கிறீர்கள்? சின்னஞ்சிறியவருக்குச் செய்ததைத் தமக்கே செய்ததாக எடுத்துக்கொள்வதாகச் சொன்னவரோடு!

வீட்டுக்குள்ளும் வாருங்கள். மகனுக்குப் பெண் பார்க்கிறீர்கள். மேசையில் வேதாகமம் இருக்க, எதிரே உட்கார்ந்து எத்தனை பவுன் என்று பேரம் பேசுகிறோமே, இதைவிடப் பெரிய அவமானம் உண்டா? வாய் திறந்து சொல்லுங்கள்: “எங்களுக்கு ஒரு குண்டுமணிகூட வேண்டாம்.” சாதி பார்க்கிறோம். செத்தவர்களுக்கு நடுவில்கூடக் கல்லறையில் சுவர் வைத்த வரலாறு தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களுக்கு உண்டு. அந்தச் சுவரை இடிக்கக் கடப்பாரை தேவையில்லை. சேர்ந்து உட்கார்ந்து ஒரு வேளை சோறு தின்றாலே ஆட்டம் காணும்.

துணிந்து இறங்குங்கள்!

சிரிப்பார்கள். “பெரிய புனிதர் வந்துட்டார்” என்பார்கள். லஞ்சம் வாங்காதவரை முட்டாள் என்பார்கள். சீதனம் வேண்டாம் என்றால், மாப்பிள்ளைக்கு ஏதோ குறை என்பார்கள். சொல்லட்டும்! “எனக்குத் தகுதி இல்லையே, நானே தவறியவன்” என்று நீங்களே உங்களைப் பின்னுக்கு இழுப்பீர்கள். மூன்று முறை தெரியாது என்று சொன்ன மீனவன் பேதுருவைத்தான் திருச்சபைக்குப் பாறையாக வைத்தார் இயேசு. மறைநூல் கற்ற பண்டிதர்கள் எருசலேமில் எத்தனையோ பேர் இருக்க, கலிலேயாவில் வலை அலசிக்கொண்டிருந்தவனின் படகில்தான் ஏறி உட்கார்ந்தார். அவர் ஏறுவதற்குத் தேவை ஒரு படகு. அது பழையதா புதியதா என்று அவர் பார்க்கவில்லை.

ஆகவே இந்தக் கட்டுரையை மூடிவைத்ததும் “அருமை” என்று சொல்லிவிட்டு எழுந்து போகாதீர்கள். நாளை இரவு தூங்கப் போகும் முன் ஒரே ஒரு காரியம் செய்து முடித்திருக்க வேண்டும். பிடித்து வைத்த கூலியைக் கொடுங்கள். பேசாமல் இருக்கும் தம்பிக்குப் போன் போடுங்கள். கோப்பில் கையெழுத்துப் போடுங்கள். ஒருவருக்குச் சீட்டு வாசித்துச் சொல்லுங்கள். மறுநாள் இன்னொன்று. அதற்கு மறுநாள் இன்னொன்று. யாரும் பார்க்க வேண்டாம், யாரும் புகழ வேண்டாம். இப்படியே ஒரு வருடம் நடந்து பாருங்கள். உங்கள் தெருவில் யாருக்கு ஆபத்து வந்தாலும் முதலில் உங்கள் வாசலுக்குத்தான் ஓடி வருவார்கள். நீங்கள் எந்தக் கோவிலுக்குப் போகிறீர்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது. யாருடைய ஆள் நீங்கள் என்பது மட்டும் சந்தேகமில்லாமல் தெரிந்திருக்கும்!