முதலில் யாரைக் கேட்பது?

2021 கோடை. இரண்டாம் அலையில் அலுவலகம் மூடிக்கிடந்ததால் நெமிலியில், வீட்டுத் திண்ணையை ஒட்டிய அறையில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு திங்கட்கிழமை காலை அலுவலக சர்வர் ஒன்றுக்குள் நுழைய முடியவில்லை. எஸ்எஸ்ஹெச் கட்டளை கொடுத்தால் கர்சர் சிமிட்டிக்கொண்டே இருந்தது. கூட வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் போனது, எனக்கு மட்டும் போகவில்லை.

முந்தின வாரம்தான் அந்த சர்வரை வேறு இடத்துக்கு மாற்றியிருந்தார்கள். பெயர் அதே, ஐபி முகவரி மட்டும் புதிது. அதனால் முதலில் பெயரைச் சோதித்தேன். 'டிக்' என்று ஒரு கருவி இருக்கிறது, டிஎன்எஸ் சர்வரிடம் நேராகக் கேட்டு, இந்தப் பெயருக்கு இதுதான் முகவரி என்று சொல்லும். புதிய முகவரியைச் சரியாகவே சொன்னது. பெயர் சரி, முகவரி சரி, ஆனால் போய்ச்சேர முடியவில்லை. அப்படியென்றால் வழியில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, இணைப்பு கொடுத்த உள்ளூர் கம்பெனிக்கு போன் போட்டேன்.

மதியம் பன்னிரண்டரை வெயிலில் ஒரு பையன் வந்தான். இருபத்திரண்டு வயது இருக்கலாம். ஃபைபர் பெட்டியைப் பார்த்தான், கையிலிருந்த கருவியில் வெளிச்சத்தின் அளவைப் பார்த்தான், தன் செல்போனை எங்கள் வைஃபையில் சேர்த்து நாலைந்து தளங்களைத் திறந்து காட்டினான். "லைன்ல ஒண்ணும் இல்லண்ணே. உங்க கம்ப்யூட்டர்ல எதுனா இருக்கும்" என்றான்.

"பத்து வருஷமா இதே வேலதான் நான் பாக்குறேன். எங்கிட்டயே சொல்றியா?" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். அவன் பதில் பேசாமல் கேபிளைச் சுருட்டினான்.

அதற்குள் அம்மா திண்ணைக்கு வந்து, "உக்காருப்பா, காப்பி போடுறேன்" என்றாள். பிறகு வழக்கமான கேள்வி.

"எந்தூருப்பா?"

"பனப்பாக்கம் பக்கம்மா."

"பனப்பாக்கத்துல எந்தத் தெரு?"

"பஸ் ஸ்டாண்டு தாண்டிப் போணும்மா."

"அப்பா என்னா பண்றாரு?"

"ராணிப்பேட்டைல தோல் கம்பெனிக்குப் போறாரும்மா."

அம்மா "ம்" என்று உள்ளே போனாள். காப்பி வரவில்லை. பையன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ராத்திரி பதினொரு மணிக்குக் கோளாறைக் கண்டுபிடித்தேன். அது என் கம்ப்யூட்டரில்தான் இருந்தது.

*

லினக்ஸில், பொதுவாக யூனிக்ஸ் குடும்பத்தின் எல்லா இயங்குதளங்களிலும், 'ஹோஸ்ட்ஸ்' என்று ஒரு சின்னக் கோப்பு உண்டு. ஒரு வரியில் ஒரு முகவரி, பக்கத்தில் அதற்கான பெயர். இணையம் ஆர்ப்பாநெட் என்ற பெயரில் சிறிதாக இருந்த காலத்தில் இந்தக் கோப்புதான் எல்லாமே. கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழு இதன் மூலப்பிரதியை வைத்திருந்தது. புதிதாக ஒரு கணினியைச் சேர்க்க வேண்டுமென்றால் அவர்களிடம் சொல்ல வேண்டும், அவர்கள் எழுதிவைப்பார்கள், மற்றவர்கள் நகல் எடுத்துக்கொள்வார்கள். கணினிகள் பெருகப் பெருக இது தாங்கவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார். அதன் அடிப்படை எளிமையானது: ஒரு பெயரைப் பற்றிச் சொல்லும் அதிகாரம் அந்தப் பெயரை வைத்திருப்பவருடையது. நடுவில் இருப்பவர்கள் கேட்டுச் சொல்லலாம், கொஞ்ச நேரம் நினைவிலும் வைத்துக்கொள்ளலாம். எவ்வளவு நேரம் என்பதையும் பெயருக்கு உரியவரே சொல்லிவிடுவார். ஒவ்வொரு பதிலோடும் அதன் ஆயுள் நொடிக்கணக்கில் வரும். 3600 என்றால் ஒரு மணி நேரம். அது தீர்ந்ததும் மறந்துவிட்டு மறுபடி கேட்க வேண்டும்.

டிஎன்எஸ் வந்த பிறகும் ஹோஸ்ட்ஸ் கோப்பு போகவில்லை. இரண்டும் கூடவே இருப்பதால் எதை முதலில் பார்ப்பது என்ற கேள்வி வந்தது. அதற்கு இன்னொரு கோப்பு: 'என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃப்'. அதில் 'ஹோஸ்ட்ஸ்' என்று தொடங்கும் வரியில் பெரும்பாலும் 'ஃபைல்ஸ்' முதலிலும் 'டிஎன்எஸ்' பிறகும் இருக்கும். முதலில் உன் கையிலிருக்கும் கோப்பைப் பார், அதில் இல்லையென்றால் மட்டும் வெளியே கேள் என்று அர்த்தம். யாரிடம் கேட்பது என்பது மூன்றாவது கோப்பில், 'ரிசால்வ்.கான்ஃப்'பில் இருக்கும்.

இரண்டு வருடம் முன்பு ஏதோ சோதனைக்காக அந்த சர்வரின் பெயரையும் முகவரியையும் என் ஹோஸ்ட்ஸ் கோப்பில் கையால் எழுதியிருந்தேன். எழுதியதை மறந்துவிட்டேன். அன்று எழுதியது அன்றைக்குச் சரி. சர்வர் இடம் மாறியது ஊருக்கெல்லாம் தெரிந்தது, என் கணினிக்குத் தெரியவில்லை. அது வெளியே கேட்கவே இல்லையே. டிக் கருவி ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறந்தே பார்க்காது, நேராக டிஎன்எஸ்ஸிடம் போய்விடும். அதனால் சோதித்தபோது சரியான பதில் வந்தது, நிஜமாகப் போகும்போது பழைய இடத்துக்கே போனது. கணினி தன் வழக்கமான வரிசையில் எங்கே போய் நிற்கிறது என்று பார்க்க 'கெட்என்ட்' என்று வேறொரு கட்டளை இருக்கிறது. அதை அடித்தபோதுதான் பழைய முகவரி எட்டிப்பார்த்தது.

ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதியதற்கு ஆயுள் கிடையாது. நாமாக அழிக்கும்வரை அது உண்மை.

*

பையன் சொன்னது சரி என்பதைவிட, அவன் சொன்னதை நான் ஏன் கேட்கவில்லை என்பதுதான் அன்று ராத்திரி உறுத்தியது. கேபிள் இழுக்கும் பையனுக்கு லினக்ஸ் தெரிந்திருக்காது என்று எனக்குள் ஒரு வரி எழுதியிருந்தது. அவனை ஒரு கேள்விகூடக் கேட்காமல் அந்த வரியைப் படித்துவிட்டேன். அப்புறம்தான் அம்மாவின் கேள்விகள் நினைவுக்கு வந்தன.

அந்தக் கேள்விகள் எதற்கென்று இந்தப் பக்கம் வளர்ந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் வீடு ஊருக்கு நடுவில், கோவிலுக்குப் பக்கத்துத் தெரு. "எந்தத் தெரு" என்ற கேள்வியை என்னிடம் யாரும் இரண்டாம் முறை கேட்டதில்லை, முதல் பதிலிலேயே அவர்களுக்கு வேண்டியது கிடைத்துவிடும்.

வடக்கே பல இடங்களில் இந்தக் கேள்விக்கே வேலையில்லை, பெயரின் பின்பாதியே பதிலைச் சொல்லிவிடும். தமிழ்நாட்டில் அந்தப் பின்பாதியை வெட்டினோம். 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களைத் துறப்பதென்று தீர்மானம் போட்டார்கள், மேடையிலேயே பலர் துறந்தார்கள். பெரிய காரியம். இன்று என் வயதுக்காரன் ஒருவனின் பெயரை மட்டும் வைத்து ஒன்றும் சொல்லிவிட முடியாது. ஆனால் பெயரில் பதில் இல்லாமல் போனதும் கேள்வி வேறு இடங்களைத் தேடிப் போனது: எந்த ஊர், எந்தத் தெரு, அப்பா என்ன செய்கிறார், குலதெய்வம் எது.

ரிசால்வ்.கான்ஃப்பில் 'சர்ச்' என்று ஒரு வரி எழுதலாம். நீங்கள் பாதிப் பெயர் அடித்தால் மீதியை அதுவே ஒட்டிக்கொள்ளும். அரக்கோணம் பஸ் ஸ்டாண்டில் "நெமிலி" என்றால் எங்கள் நெமிலி. திருப்பெரும்புதூரில் சொன்னால் அவர்களுக்கு அங்கேயே ஒரு நெமிலி இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சொன்னால் கடல்நீரைக் குடிநீராக்கும் நெம்மேலியில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். கேட்பவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்து மீதிப் பெயர் மாறுகிறது. மனிதர்களின் பாதிப் பெயரையும் நாம் இப்படித்தான் நிரப்புகிறோம். "தோல் கம்பெனி" என்று அவன் சொன்ன உடனே அம்மாவின் மனதில் ஒட்டிக்கொண்ட மீதி எது? ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் தொழிலில் எல்லா வகை மனிதர்களும் இருக்கிறார்கள், முதலாளியாக, கணக்கராக, டிரம் ஓட்டுபவராக, ஷூ தைக்கும் பெண்களாக. ஆனால் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் எப்போதோ கையால் எழுதிய ஒரே ஒரு முகவரி இருந்தால், மற்றதெல்லாம் கண்ணில் படாது.

2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் ஸ்டாலின், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று அறிவித்தார். அதே ஆண்டு அக்டோபரில் தெரு, சாலைப் பெயர்களிலுள்ள சாதிப் பெயர்களை மாற்ற அரசாணையும் வந்தது. மூலப்பதிவைத் திருத்துவது அவசியம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மூலம் தவறாக இருந்தால் கேட்கிறவர்களுக்கெல்லாம் தவறாகத்தான் போகும். ஆனால் திண்ணையில் உட்கார்ந்து "பழைய பேரு என்னா?" என்று கேட்கும் பெரியவர், மூலத்திடம் போவதே இல்லை. அவர் வரிசையில் 'ஃபைல்ஸ்' முதலில் இருக்கிறது.

*

அப்படியானால் வரிசையைத் திருப்பிப் போட்டுவிடலாமா? எப்போதும் வெளியே கேள், கையில் எழுதிவைத்ததைக் கிழித்துப்போடு என்று சொல்லிவிடலாமா? அதுவும் அவ்வளவு சுலபமில்லை.

வெளியே இருப்பவர் சொல்வதெல்லாம் உண்மை என்று யார் சொன்னது? 2012இல் '3' படத்தின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஓர் உத்தரவு வாங்கினார்கள். அதைக் காரணம் காட்டி இணைய நிறுவனங்கள் மே மாதத்தில் விமியோ போன்ற முழுத் தளங்களையே மூடின. ஜூனில் நீதிமன்றம், குறிப்பிட்ட பக்கங்களை மட்டும்தான் தடுக்கலாம் என்று தெளிவுபடுத்தியது. இப்படித் தளங்களை மறைக்கும் வழிகளில் ஒன்று, டிஎன்எஸ் சர்வரைப் பொய் சொல்லவைப்பது. அந்த மாதிரி நேரத்தில் ரிசால்வ்.கான்ஃப்பில் வேறொரு சர்வரை எழுதத் தெரிந்தவன், ஹோஸ்ட்ஸ் கோப்பில் சரியான முகவரியைக் கையால் எழுதிவைத்தவன் தப்பித்துக்கொள்வான். சொந்த நினைவு என்பது அதிகாரத்துக்கு எதிரான காப்பும்கூட.

அம்மாவின் கோப்பிலும் அப்படி எத்தனையோ இருக்கிறது. யார் வீட்டில் யாருக்குச் சர்க்கரை, எந்தப் பிள்ளைக்கு அப்பா இல்லை, எந்த வீட்டுக்குச் சொல்லாமலே சாப்பாடு அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் "யாரு வீட்டுப் புள்ள?" என்று கேட்டுக் கேட்டுச் சேர்த்ததுதான். அதே கேள்விதான் ஒருவனைத் திண்ணையில் நிறுத்தியும் வைக்கிறது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

அதனால் நான் வந்து நிற்கும் இடம் இது. நினைவு இருக்கட்டும், ஆனால் அதற்கு ஆயுள் இருக்க வேண்டும். எதிரில் ஒரு மனிதர் நின்றுகொண்டிருக்கும்போது, அவரைப் பற்றிச் சொல்லும் அதிகாரம் அவருடையது. டிஎன்எஸ்ஸில் 'அப்படி ஒரு பெயரே இல்லை' என்பது ஒரு பதில், 'சொல்ல மறுக்கிறேன்' என்பது வேறு பதில். இரண்டுக்கும் தனித்தனி எண்கூட உண்டு. "பஸ் ஸ்டாண்டு தாண்டி" என்று அவன் சொன்னது இரண்டாவது வகை. மறுத்தவரின் பதிலை நாமே ஊகித்து நிரப்பிக்கொள்வது, கேட்காமலே தீர்ப்பெழுதுவதைவிட எந்த விதத்திலும் மேலானதில்லை.

*

மறுநாள் அந்தப் பையனுக்கு போன் செய்தேன். "தம்பி, நேத்து நீ சொன்னதுதான் கரெக்ட்டு. என் சிஸ்டத்துலதான் கோளாறு. சத்தம் போட்டது தப்பு" என்றேன்.

"பரவால்லண்ணே. எல்லாரும் மொதல்ல எங்களத்தான் சொல்லுவாங்க" என்றான். கோபமாகச் சொல்லவில்லை, தினசரி நடப்பதைச் சொல்வதுபோலச் சொன்னான்.

அன்றிலிருந்து ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஒரு வரி சேர்த்தால், மேலே ஒரு குறிப்பும் எழுதுகிறேன்: தேதி, எதற்காக, எப்போது அழிக்க வேண்டும். மாதம் ஒருமுறை திறந்து பார்க்கிறேன். பெரும்பாலும் அழிக்க ஏதாவது ஒன்று இருக்கிறது.

காப்பி விஷயத்தை அம்மாவிடம் கேட்க எனக்கு நாலு வருடம் ஆனது. காரணம் எனக்குத் தெரியும் என்றே நினைத்திருந்தேன். அம்மா இப்படித்தான் என்று என் கோப்பில் சின்ன வயதிலேயே எழுதியிருந்தது, கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. இந்தக் கட்டுரையை எழுத ஆரம்பித்த பிறகு, போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது கேட்டேன்.

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். "அன்னைக்குப் பாலு திரிஞ்சிபோச்சி. வந்து பாக்குறதுக்குள்ள அந்தப் புள்ள போயிட்டான்" என்றாள். அப்புறம், "எதுக்குடா இப்போ கேக்குற?" என்றாள்.

அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. சொல்லவேண்டியவள் சொல்லிவிட்டாள், எடுத்துக்கொள்ள வேண்டியது நான். "சும்மாதாம்மா" என்றேன். "அதுக்கு முன்னாடி எந்தத் தெருன்னு ஏம்மா கேட்ட?" என்று கேட்டேன்.

அதற்கு அவள் பதில் சொல்லவில்லை.